அஞ்சறைப் பெட்டியில் ஒரு கணக்குப் பாடம்

“வட்டம், சதுரம், முக்கோணம் எல்லாம் மடமடவென்று சொல்லிவிடுகிறாள். கனச்சதுரம், கூம்பு, உருளை என்று வந்ததும் திருதிருவென்று முழிக்கிறாள். வீட்டில் நாம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” இந்தக் கேள்வியை நான் குழாயடியிலும் கேட்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறேன். கேட்கிற தாய்மார்கள் கடைசியில் ஒரே வார்த்தையைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்: “நானே பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன்.”

பத்தாவது தாராளமாகப் போதும், சகோதரிகளே! இந்தப் பாடத்துக்கு ஐந்தாவது கூடப் போதும். ஏனென்றால் இது சிலேட்டில் வருகிற பாடம் இல்லை, கையில் வருகிற பாடம். சமையலறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை உருளையையும் கூம்பையும் உருண்டையையும் எடுத்து வைக்கிறவர்கள் நாம்தானே? வட்ட அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்களேன். பெரிய உருளைக்குள் சின்னச் சின்ன உருளைகள். கடுகு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோளம். பக்கத்திலேயே சதுரமாய் பெருங்காயக் கட்டி. இதைவிட நல்ல பாடப் பெட்டியை எந்தக் கடையில் வாங்க முடியும்?

படத்தில் மூன்று, கையில் ஆறு

முதலில் குழந்தைக்கு எங்கே சிக்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

புத்தகத்தில் ஒரு பெட்டியின் படம் இருக்கும். “இதற்கு எத்தனை முகங்கள்?” என்று கேள்வி. குழந்தை விரலை வைத்து எண்ணுகிறது. முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. “மூன்று” என்று எழுதுகிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுகிறது. சரியான விடை ஆறு.

யோசித்துப் பாருங்கள், குழந்தை பொய் சொல்லவில்லை. படத்தில் இருப்பது மூன்றுதான். பின்பக்கமும் அடிப்பக்கமும் காகிதத்தில் எங்கே இருக்கின்றன? கண்ணுக்குத் தெரியாததை மனதில் கொண்டுவர வேண்டும் என்றால், அதற்கு முன்னால் அந்தப் பொருளைப் பலமுறை திருப்பித் திருப்பிக் கையில் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத குழந்தைக்குப் படம் வெறும் கோடுதான். அதை “மக்கு” என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். அந்தச் சொல் குழந்தையின் மனதில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிடும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கை, பிறகு வாய், கடைசியில்தான் பென்சில்.

சொல்ல வேண்டிய பெயர்களும் அதிகம் இல்லை. ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை வைத்தால் சமமாகப் படிகிற இடம் முகம். இரண்டு முகங்கள் சேருகிற கோடு விளிம்பு. விளிம்புகள் கூடுகிற, விரலில் குத்துகிற இடம் முனை. பெரிய வகுப்பில் உச்சி என்பார்கள். தீப்பெட்டிக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. குழந்தை எண்ணும்போது தவறாமல் இருக்க ஒரு யுக்தி: எண்ணி முடித்த முகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு தடவை எண்ணுகிற குழப்பம் வராது.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். எதற்கும் காசு செலவில்லை.

1. துணிப்பை விளையாட்டு

தேவையானவை: கழுத்தை இழுத்துக் கட்டுகிற துணிப்பை ஒன்று. உள்ளே போட எலுமிச்சம்பழம், தீப்பெட்டி, நூல்கண்டுக் கட்டை, பம்பரம், தாயக்கட்டை, கனச்சதுரத்துக்கு லூடோ கட்டை.

குழந்தை பைக்குள் கையை விட்டு, பார்க்காமல், ஒரு பொருளைப் பிடிக்க வேண்டும். வெளியே எடுக்கக் கூடாது. பெயரும் சொல்லக் கூடாது. “ஒரு பக்கம் கூராக இருக்கு, சுற்றிலும் வழவழப்பு, மூலையே இல்லை” என்று வர்ணிக்க வேண்டும். நாம் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு நாம் வர்ணிப்போம், அது கண்டுபிடிக்கட்டும்.

இதில் தாயக்கட்டை ரொம்ப முக்கியம். லூடோ கட்டை எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி. தாயக்கட்டை நீளம். இரண்டுக்கும் முகம் ஆறுதான், முனை எட்டுதான். ஆனால் ஒன்று கனச்சதுரம், மற்றது கனச்செவ்வகம். புத்தகத்தில் நாலு வரி படித்தாலும் பிடிபடாத வித்தியாசம், பைக்குள் விரலுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிடும்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் கண்ணைக் கட்டிக்கொண்டு மர உருவங்களைத் தடவிப் பார்க்க வைத்தார். அந்த அம்மாள் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார். உலக யுத்தம் வந்துவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அதற்கும் முன்னால், 1837-ல் ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளுக்காகப் பள்ளி திறந்த ஃப்ரோபெல் என்பவர், மரத்தில் செய்த பந்து, உருளை, கனச்சதுரம் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார். கிண்டர்கார்டன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். கனச்சதுரத்தை ஒரு முகத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் அது உருளை மாதிரித் தெரியும். லூடோ கட்டையில் நூலை ஒட்டி நீங்களும் சுழற்றிக் காட்டுங்கள். வாண்டுகள் வாயைப் பிளக்கும்!

2. முறத்துச் சறுக்கு

ஒரு பலகையையோ பெரிய தாம்பாளத்தையோ தலையணை மேல் சாய்த்து வையுங்கள். முறமாக இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு அதன் மேல் ஓர் அட்டை. ஒவ்வொரு பொருளாக மேலிருந்து விடவேண்டும். எது உருளும், எது சறுக்கும், எது இரண்டும் செய்யும்?

எலுமிச்சம்பழம் எந்தப் பக்கம் வைத்தாலும் உருளும். சோப்புப் பெட்டி சறுக்கத்தான் செய்யும். பவுடர் டப்பாவைப் படுக்க வைத்தால் உருளும், நிற்க வைத்தால் சறுக்கும். காரணத்தைக் குழந்தையே சொல்லட்டும்: தட்டையான முகமும் உண்டு, வளைந்த பரப்பும் உண்டு. காகிதத்தில் செய்த கூம்பைத் தரையில் படுக்க வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். அது நேரே போகாது. தன் முனையையே சுற்றி வட்டமடிக்கும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இந்த ஒரு விளையாட்டே ஒரு வாரத்துக்குப் போதும்.

3. பெட்டியைப் பிரிப்போம்

பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டி எதையும் இனிமேல் குப்பையில் போடாதீர்கள். ஒட்டிய இடத்தில் மெல்லப் பிரித்து, உள்ளே மடிக்கிற துண்டுகளை நறுக்கிவிட்டால், பெட்டி அப்படியே தரையில் படுத்துவிடும். ஆறு செவ்வகங்கள் கண்ணெதிரே கிடக்கும். “முகம் மூன்றா, ஆறா?” என்று அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் தடுமாறாது. திரும்ப மடித்தால் பெட்டி! பட்டுப் புடவை வருகிற அட்டைப் பெட்டி கிடைத்தால் இன்னும் பெரிதாகச் செய்யலாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு புதிர். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து ஒரே அளவாக ஆறு சதுரங்கள் வெட்டுங்கள். பக்கத்தோடு பக்கம் சேர்த்து செலோடேப் ஒட்டி, மடித்தால் மூடிய கனச்சதுரம் ஆகிற மாதிரி எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? ஆறையும் ஒரே வரிசையில் ஒட்டினால் ஆகாது. சுற்றி வந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஒட்டினாலும் ஆகாது. நாலு ஒரு வரிசையில், மேலே ஒன்று, கீழே ஒன்று என்றால் ஆகும். ஆறு சதுரங்களைச் சேர்க்க மொத்தம் 35 விதங்கள் உண்டு. அவற்றில் கனச்சதுரமாக மடிவது 11 மட்டுமே. கோடை விடுமுறையில் மத்தியான வெயிலுக்கு வெளியே ஓடாமல் உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உருளைக்கு: ஜாம் பாட்டிலின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரியுங்கள். சுற்றிக்கொண்டிருந்தது நீட்டினால் செவ்வகம். அதே பாட்டிலைச் சுற்றி ஒரு நாடாவை அளந்து வெட்டி, மூடியின் குறுக்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முறை போய், கொஞ்சம் மிச்சம் நிற்கும். சின்ன மூடியோ பெரிய தட்டோ, எந்த வட்டமானாலும் அதே மூன்றும் கொஞ்சமும்தான். பெரிய வகுப்பில் 22/7 என்று வரும்போது பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கூம்புக்குச் சுண்டல் பொட்டலம். பிரித்தால் விசிறி மாதிரி விரியும். கோளத்துக்கு ஆரஞ்சுப் பழம். தோலை எவ்வளவு சாமர்த்தியமாக உரித்தாலும் கிழியாமல் தட்டையாகப் படியாது. உலக உருண்டையைத் தட்டைப் படமாக்கும்போது இதே தொல்லைதான். அதனால்தான் சில படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. கணக்கோடு பூகோளமும் ஆயிற்று, பழமும் வயிற்றுக்குள் போயிற்று!

4. பட்டாணியும் ஈர்க்குச்சியும்

காய்ந்த பட்டாணியை இரவே ஊறவையுங்கள். தென்னந்துடைப்பத்தில் புதிதாக இரண்டு குச்சி உருவி, ஒரே அளவாக நறுக்குங்கள். பட்டாணிதான் முனை, குச்சிதான் விளிம்பு. இதுவும் ஃப்ரோபெல் காலத்துக் கைவேலைதான்.

கனச்சதுரத்துக்கு 8 பட்டாணி, 12 குச்சி. சதுர அடியுள்ள பிரமிடுக்கு 5 பட்டாணி, 8 குச்சி. எல்லாப் பக்கமும் முக்கோணமான நான்முகிக்கு 4 பட்டாணி, 6 குச்சி. கூடாரம் மாதிரியான முக்கோணப் பட்டகத்துக்கு 6 பட்டாணி, 9 குச்சி.

செய்து முடித்ததும் ஒரு வேடிக்கை காட்டுங்கள். முனைகளையும் முகங்களையும் கூட்டி, விளிம்புகளைக் கழிக்க வேண்டும். கனச்சதுரம்: 8+6−12. பிரமிடு: 5+5−8. நான்முகி: 4+4−6. பட்டகம்: 6+5−9. எல்லாவற்றுக்கும் விடை 2! சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் என்ற கணித மேதை இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் எடுத்துச் சொன்னது இது. மேல் வகுப்பில் சூத்திரமாக வருவது, பட்டாணியில் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்று. கனச்சதுரத்தை லேசாக அழுத்தினால் ஒரு பக்கமாகச் சாயும். நான்முகி அசையாது. காரணம் முக்கோணம். கனச்சதுரத்தின் முகத்தில் மூலைக்கு மூலை ஒரு நீளக் குச்சி கொடுத்தால் அந்தப் பக்கம் கெட்டியாகிவிடும். அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்று ஒரு பெரிய கட்டட நிபுணர் இருந்தார். சின்ன வயதில் அவருக்குப் பார்வை சரியில்லையாம். கிண்டர்கார்டனில் மற்றப் பிள்ளைகள் பட்டாணியில் வீடு கட்டியபோது, இவர் எது அசையாமல் நிற்கிறது என்று கையால் தடவித் தடவி முக்கோணத்தைக் கண்டுபிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் முக்கோணங்களால் ஆன அரைக்கோளக் கூடாரங்களை வைத்தே உலகப் புகழ் பெற்றார்.

5. காய் நறுக்கும்போது

கேரட்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டம். சாய்த்து நறுக்கினால் முட்டை வட்டம். நீளவாக்கில் நடுவே பிளந்தால் கூரான முக்கோணம் மாதிரி. ஒரே காய், மூன்று வடிவம். வெட்டுவதற்கு முன்னால் “என்ன வரும்?” என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். உருளைக்கிழங்கைச் சதுரக் கட்டியாக வெட்டி, ஒரு மூலையை மட்டும் சீவினால் முக்கோணம் வரும். இதைப் பெரும்பாலான பெரியவர்களே யூகிக்க மாட்டார்கள். வீட்டுக்காரரையும் ஒரு தரம் கேட்டுப் பாருங்களேன்!

கத்தியும் அரிவாள்மணையும் நம் கையில். யூகம் மட்டும் குழந்தை கையில்.

6. அரிசி அளக்கும் கணக்கு

ஆரணி என்றால் பட்டுக்கு அடுத்தபடி அரிசிதானே! அரிசியை வைத்தே இதைச் செய்வோம்.

ஒரே அளவான இரண்டு வெள்ளைத் தாள், ஜெராக்ஸ் கடைத் தாள், எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீளவாக்கில் சுருட்டி ஒல்லி உயர உருளை, மற்றதை அகலவாக்கில் சுருட்டிக் குட்டைத் தடி உருளை. ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தொட்டு நிற்கும்படி செலோடேப் ஒட்டுங்கள். இரண்டையும் தாம்பாளத்தில் நிறுத்தி, “எதில் நிறைய அரிசி பிடிக்கும்?” என்று கேளுங்கள். பெரியவர்களே “ஒரே தாள்தானே, ஒரே அளவுதான்” என்பார்கள். பிள்ளைகள் உயரமானதைக் காட்டுவார்கள். அளந்தால் குட்டைத் தடியனுக்குத்தான் வெற்றி. உயரமானதில் 10 டம்ளர் பிடித்தால், இதில் 14 டம்ளர் பிடிக்கும்.

இதில் ஒரு குடும்ப சமாதானமும் அடங்கியிருக்கிறது. ஒல்லி டம்ளரில் ஊற்றிய மோர்தான் அதிகம் என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிறார்கள் அல்லவா? பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் இதை ஆராய்ந்து, ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தைகள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இயல்பு என்று எழுதினார். திட்ட வேண்டாம். இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு அதன் கையாலேயே ஊற்றிப் பார்க்க விடுங்கள்.

அடுத்து கூம்பு. அட்டையைச் சுருட்டிக் கூம்பு செய்து, வாயைச் சமமாக நறுக்குங்கள். அதன் வாயைச் சுற்றி வரும்படி, கூம்பு நிற்கிற அதே உயரத்துக்கு ஓர் அட்டைப் பட்டையை வளைத்து உருளை செய்து, அடியில் வட்டம் ஒட்டுங்கள். கூம்பில் தலை தட்டி அரிசி எடுத்து உருளையில் கொட்டச் சொல்லுங்கள். சரியாக மூன்று கூம்பு! ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் “மூன்றில் ஒரு பங்கு” என்று மனப்பாடம் செய்கிறார்களே, அது இதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெட்டி

இனி எங்கள் ஊர் சமாசாரம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் பட்டுத்தறி ஓசை கேட்காத தெரு குறைவு. தறி வீடே ஒரு வடிவப் பாடம். நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் குழி ஒரு கனச்செவ்வகம். பொருளே இல்லாத வெற்று இடத்துக்கும் வடிவம் உண்டு என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. ஊடை நூல் சுற்றிய தார், உடம்பில் உருளை, நுனியில் கூம்பு. நெய்த துணி சுற்றுகிற மரம் சில வீட்டில் உருண்டை, சில வீட்டில் சதுரக் கட்டை.

எல்லாவற்றையும் விட வேடிக்கை மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி. புடவைக் கரையில் மயிலும் மாங்காயும் வருவதற்கு ஓட்டை போட்ட அட்டைகள் கோத்து மாலையாகத் தொங்கும். பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ல் அமைத்த முறை. அந்த அட்டைகள் ஒரு கட்டையின் மேல் ஏறி ஒவ்வொன்றாகத் திரும்பும். அந்தக் கட்டைக்கு நெசவுப் புத்தகங்களில் பெயர் “சிலிண்டர்”, அதாவது உருளை. ஆனால் போய்ப் பாருங்கள், அது உருளையே இல்லை! நாலு பக்கமும் தட்டையான நீளச் சதுரக் கட்டை. நாடா ஒரு தரம் ஓடினால் கட்டை கால் சுற்று திரும்பி அடுத்த அட்டையைக் கொடுக்கும். முகம் தட்டையாக இருந்தால்தான் அட்டை படிந்து உட்காரும். பெயரைக் கேட்டு ஏமாறாதே, தொட்டுப் பார்த்துச் சொல் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு சாட்சி. தறி வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “பேர் சிலிண்டர், வடிவம் என்ன?” (தறி ஓடாதபோது, பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.)

எங்கள் தெருவில் ஒரு தார் சுற்றுகிற அம்மாள். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அவள் மகள் ஐந்தாவது படித்தபோது, நான் முதலில் சொன்னேனே, அந்த “மூன்று முகம்” விடைதான் எழுதியிருந்தாள். கணக்கில் மார்க் குறைந்தது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “கணக்கு வராத புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு? தார் சுத்தட்டும்.” பதினாலு வயது வரை பிள்ளை பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்று 2009-ல் வந்த சட்டம் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குள் பேசுகிற பேச்சுக்குச் சட்டம் வந்து பதில் சொல்லுமா?

அந்த அம்மாள் என்னிடம் வந்து, “யக்கா, எனக்கு எழுத்தே தெரியாது, நான் இன்னா சொல்லிக் குடுக்கறது?” என்றாள். கையில் தார் இருந்தது. “இதைத் தடவிப் பார்த்து எவ்வளவு நூல் மிச்சம்னு சொல்வியே, அந்தக் கை போதும்” என்றேன். ஒரு துணிப்பையும் நாலு சோப்புப் பெட்டியும் கொடுத்தேன். தாயும் மகளும் ராட்டை பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடினார்கள். ஒரு நாள் தாய் தாரைக் காட்டி, “இது உருளையா, கூம்பா?” என்று கேட்க, மகள் நுனியைத் தடவிவிட்டு, “ரெண்டும்மா” என்றாளாம். சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

பெண் நூற்றுக்கு நூறு வாங்கினாள் என்று கதை விட மாட்டேன். ஐம்பதைத் தாண்டினாள். அது போதுமானதாக இருந்தது. ஆறாவதில் சேர்ந்தாள். இப்போது ஏழாவது. அப்பா ஜக்கார்டு பெட்டியைக் காட்டி வருகிற போகிறவர்களிடம் சிலிண்டர் புதிர் போடுகிறார் என்று கேள்வி!

பள்ளிக்கூடமும் இப்படித்தான் போகிறது

“இப்படி விளையாடினால் பாடம் எப்போது படிப்பது?” என்று மாமியார்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லுங்கள்: நம் தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆடிப் பாடி, தொட்டுச் செய்து கற்பதுதான் அதில் முக்கியம்.

இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, 1893-ல், சென்னை ராஜதானியில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சுந்தரராவ் என்பவர் காகிதத்தை மடித்தே வடிவக் கணிதம் கற்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கான காகித மடிப்பு விளையாட்டைப் பார்த்துத்தான் தனக்கு அந்த யோசனை வந்தது என்று அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் கிளைன் அதை எடுத்துச் சொல்ல, 1901-ல் அமெரிக்காவில் அச்சானது. குழந்தை விளையாட்டிலிருந்து உலகப் புத்தகம்! விளையாட்டு வீண் போகாது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சில எச்சரிக்கைகள்

* மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பட்டாணி, கோலி, லூடோ கட்டை எதையும் தரையில் விட்டுவைக்காதீர்கள். வாய்க்குள் போனால் தொண்டையில் அடைக்கும். பட்டாணி மூக்குக்குள் போய் ஊறி உப்பிக்கொள்ளும். அப்படிப் போய்விட்டால் குச்சி விட்டுக் குடையாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.
* ஈர்க்குச்சி நுனி கூர்மை. கண்ணுக்கு நேரே நீட்டி விளையாட விடாதீர்கள். நுனியை மழுங்க நறுக்கிக் கொடுங்கள்.
* மருந்துப் பெட்டி, பூச்சி மருந்து டப்பா வேண்டாம், காலியானாலும் வேண்டாம்.
* விளையாட்டுக்கு எடுத்த அரிசியை வீணாக்காமல் சலித்து, கழுவிச் சமைத்துவிடலாம்.
* உருளைக்கும் கூம்புக்கும் “எத்தனை விளிம்பு” என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம் இருக்கும். குழந்தையின் பாடப் புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அதையே சொல்லிக் கொடுங்கள்.

எந்த வயதுக்கு எது?

3–5 வயது: துணிப்பை, முறத்துச் சறுக்கு. பெயர்கள் காதில் விழுந்தால் போதும், ஒப்பிக்க வேண்டாம்.

6–8 வயது: பெட்டி பிரித்தல், கேரட், ஒல்லி டம்ளர் கணக்கு. முகம், விளிம்பு, முனை எண்ணலாம்.

9 வயதுக்கு மேல்: பட்டாணிக் கட்டடம், ஆறு சதுரப் புதிர், மூன்று கூம்பு. இப்போது பென்சிலைக் கையில் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். தெரியாத பின்பக்கத்து விளிம்புகளைப் புள்ளிக் கோடாகப் போடச் சொல்லுங்கள். அந்தப் புள்ளிக் கோடு வந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாததை மனதால் பார்க்கக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு ஒரு விளையாட்டு, பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். குழந்தை தப்பாகச் சொன்னால் “இல்லை” என்று வெட்டாமல், “தொட்டுப் பார்த்துச் சொல்லு கண்ணா” என்று சொல்லுங்கள். விடையைக் கை சொல்லிவிடும்.

அடுத்த இதழில், கோலப் புள்ளிகளை வைத்துப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது எப்படி என்று பார்ப்போம். அதுவரை சோப்புப் பெட்டிகளைச் சேர்த்து வையுங்கள், சகோதரிகளே!